கடும்பனி, கரண்ட் இல்லை: கண்ணால் கண்டதை எழுதுங்கள்

வடகாற்று:

ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டக்கூடாது என்பது இங்கே யாருக்கும் புதிதல்ல. நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டாருக்கும் தெரியும். அதனால்தான் கராஜில் வைத்து, பெரிய கதவைப் பாதி தூக்கிவிட்டிருந்தார்கள். கராஜிலிருந்து வீட்டுக்குள் போகும் சின்னக் கதவு முழுசாக மூடவில்லை. எக்ஸ்டென்ஷன் ஒயர் அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போயிருந்தது. மாடிப்படி உச்சியில் என் மீட்டர் காற்றில் கார்பன் மோனாக்சைடு, அதாவது புகையில் வரும் மணமில்லாத நச்சு வாயு, 180 பிபிஎம் (பத்து லட்சத்தில் 180 பங்கு) என்று காட்டியது. அதே சுவரில் கார்பன் மோனாக்சைடு அலாரம், சத்தமே இல்லை. டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் காது கிழியக் கத்தியது. கழற்றித் திருப்பினால், பின்பக்கம் அச்சிட்டிருந்த காலாவதி வருடம் எப்போதோ முடிந்திருந்தது.

அந்தக் கத்தல்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. டெஸ்ட் பட்டன் சோதிப்பது பேட்டரியையும் சர்க்யூட்டையும் ஒலிப்பானையும்தான். வாயுவை உணரும் சென்சார் செத்திருந்தாலும் பட்டனுக்கு அது கத்தும். மாடலைப் பொறுத்து சென்சாரின் ஆயுள் 5 முதல் 10 வருடம். புயல் வருமுன் கழற்றி, பின்பக்கத்தைப் படியுங்கள். நல்ல அலாரமும் உடனே கத்தாது: வட அமெரிக்கத் தரப்படி 70 பிபிஎம்மில் 1 முதல் 4 மணி நேரம், 150இல் 10 முதல் 50 நிமிடம், 400இல் 4 முதல் 15 நிமிடம் கழித்துத்தான்.

பாதி திறந்த கதவு ஏன் போதாது? குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்று மேலே ஏறி மாடி வழியாகக் கசியும். அந்த இடத்தை நிரப்ப வீடு கீழிருந்து காற்றை உறிஞ்சும். கராஜ் கீழேதானே இருக்கிறது. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைவாய் வீட்டுக்கு எதிர்த்திசையில். ஜன்னலுக்கு அடியிலும் வேண்டாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், காய்ச்சல் மட்டும் இல்லை என்றால், காரணம் தேடாமல் முதலில் வெளியே வாருங்கள்.

குழாய்வழி:

மேலே உள்ளது உயிர் விஷயம், அதைத் தாண்டி எதுவும் இல்லை. ஆனால் அதிகம் பேர் மாட்டுவது குழாயில்தான்.

ஒரு வீட்டில் கரண்ட் வந்து வீடு சூடான பிறகு சமையலறைச் சுவர் நனைந்தது. "நேற்றுவரை நன்றாக இருந்ததே" என்றார்கள். உடைந்தது முன்பே, அதுவரை உள்ளே ஐஸாக அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சுவரைப் பிளந்தால் செம்புக் குழாயில் நீளவாக்கில் ஒரு கீறல், மீன் வாய் திறந்த மாதிரி விளிம்பு வெளியே மடிந்திருந்தது. கவனிக்கவேண்டியது அது இருந்த இடம். குழாய் உறைந்தது வெளிச்சுவர் மூலையில். கீறியதோ உள்ளே, சிங்க் டேப்புக்குப் பக்கத்தில், உறையாத பகுதியில்.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். ஐஸ் வளர வளர, அதற்கும் மூடிய டேப்புக்கும் இடையில் சிக்கிய தண்ணீரை நசுக்கும். அழுத்தம் தாங்காத இடத்தில் குழாய் பிளக்கும். டேப்பைக் கொஞ்சம் திறந்துவைப்பது ஓடும் தண்ணீர் லேசில் உறையாது என்பதற்காக மட்டுமல்ல, அந்த அழுத்தம் வெளியேற வழி விடுவதற்காகவும்தான். சூடுநீர், குளிர்நீர் இரண்டையும் திறக்கவேண்டும். சூடுநீர்க் குழாய் உறையாது என்று நினைப்பவர்கள் ஏராளம்.

வெளியே மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால் உறை போடாத குழாய்களுக்கு ஆபத்து தொடங்கும். காற்று நுழையும் ஓட்டை இருந்தால் அதற்கு முன்பே. கேபிள் ஒயர் நுழையும் துளைகளை ஃபோம் வைத்து அடையுங்கள். சிங்க் அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்துவையுங்கள். தோட்டக் குழாயில் மாட்டிய ஹோஸைக் கழற்றுங்கள். உறையாத வகை டேப்பாக இருந்தாலும் ஹோஸ் மாட்டியிருந்தால் தண்ணீர் வடியாமல் உள்ளேயே நின்று உறையும். உறைந்துவிட்டால் டேப்பைத் திறந்துவைத்து, டேப் பக்கத்திலிருந்து தொடங்கி ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். தீ மூட்டிச் சூடாக்கவே கூடாது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் வீடு வீடாகக் குழாய் வெடித்ததற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. அங்கே பல வீடுகளில் குழாய்கள் கூரைக்கு அடியிலும் வெளிச்சுவரிலும் ஓடுகின்றன. மின்சாரம் போனதும் அவற்றைக் காக்கும் சூடும் போய்விட்டது.

பனங்கூடல்:

குழாய்வழி அண்ணை, நீங்கள் சொன்ன காரணம் சரி. ஆனால் சொட்ட விட்டால் காணும் எண்டு சனம் விளங்கிக்கொள்ளும், அது பிழை. கிணற்று மோட்டரில ஓடுற வீட்டுக்கு அது சரிவராது. கரண்ட் போனால் மோட்டர் நிக்கும், பிரஷர் டாங்கில மிஞ்சியிருக்கிறது கொஞ்ச நேரத்தில முடியும், பிறகு சொட்டு நிண்டுபோகும். ஒரு வீட்டில இன்னொண்டு நடந்தது. சொட்டின தண்ணி கீழ கழிவுக் குழாய்க்குள்ள உறைஞ்சு அடைச்சு, பேசின் விளிம்பு மட்டும் நிரம்பி அதுவும் ஐஸ். மெல்லிய சொட்டு வெளிச்சுவர்க் கழிவுக் குழாயில ஆறிப்போகும், அதுதான் காரணம். பென்சில் மொத்தத்துக்கு ஓட விடவேணும்.

வீட்டுக்குள்ள 5 டிகிரிக்கு இறங்கிட்டுது, கரண்ட் எப்ப வரும் எண்டு தெரியாது எண்டால் தண்ணியை முழுசா வடிக்கிறதுதான் வழி. அடுக்கு முக்கியம். முதல்ல வாட்டர் ஹீட்டர் பிரேக்கரை அணையுங்கோ. டாங்கில தண்ணி இல்லாமல் கரண்ட் வந்தால் சூடாக்கிற எலிமென்ட் கம்பி உடன எரிஞ்சுபோகும். காஸ் எண்டால் பைலட்டுக்கு (சின்னச் சுடர் மட்டும் எரியிற நிலைக்கு) திருப்புங்கோ. பிறகு மெயின் வால்வை மூடி, மோட்டர் பிரேக்கரையும் அணையுங்கோ. மேல்மாடி டேப்புகள் எல்லாத்தையும் திறங்கோ, காத்து உள்ள போகவேணும். அதுக்குப் பிறகு ஆகக் கீழ இருக்கிற டேப்பைத் திறந்தால் குழாய்களில இருக்கிறது வடியும். டாய்லெட்டை ஃபிளஷ் பண்ணி, டாங்க் அடியில மிஞ்சினதை ஸ்பஞ்சால எடுங்கோ.

அதோட முடியேல்லை. சிங்குக்குக் கீழ வளைஞ்ச குழாய்க்குள்ள தண்ணி எப்பவும் நிக்கும். ஒவ்வொண்டுக்கும் அரை லிட்டர், டாய்லெட் கிண்ணத்துக்கு ஒரு லிட்டர், புரோப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃபிரீஸ் (உறையாமல் தடுக்கிற திரவம்) ஊத்துங்கோ. காருக்கு ஊத்துறது எத்திலீன் கிளைக்கால், நஞ்சு, அதைக் கொண்டுவரவேண்டாம். சுடுதண்ணி ரேடியேட்டரில சூடாகிற வீடெண்டால் அந்தச் சுற்றைத் தெரியாமல் வடிக்கவேண்டாம்.

மெயின் வால்வு எங்க எண்டு புயலுக்கு முதலே பாருங்கோ. பழைய கேட் வால்வு வருசக்கணக்கில திருப்பாமல் இறுகியிருக்கும், அவசரத்தில முறுக்கினால் தண்டு முறியும். குடிக்கச் சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் பிடிச்சு வையுங்கோ. டாய்லெட்டுக்குக் குளியல் தொட்டியை நிரப்புங்கோ.

நீலச்சுடர்:

தண்ணீர் பேச்சு போதும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு வருகிறேன். ஒரு வீடு: புது இன்வெர்ட்டர் ஜெனரேட்டர், பெட்ரோல் போதிய அளவு, காஸ் இருக்கிறது. ஃபர்னஸ் பற்றிக்கொள்கிறது. சில நொடி நீலச் சுடர் நிற்கிறது, அணைகிறது. மறுபடி பற்றுகிறது, அணைகிறது. பிறகு தானாகவே பூட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் காஸ் வால்வைக் கழற்ற ஸ்பானரோடு நின்றார். அந்த ஸ்பானரைப் பார்த்த பயம்தான் இதை எழுதவைக்கிறது.

காஸில் கோளாறே இல்லை. சுடர் எரிகிறதா என்று ஃபர்னஸின் கட்டுப்பாட்டு போர்டு எப்படி அறிகிறது என்றால், சென்சார் கம்பியிலிருந்து சுடர் வழியாக எர்த்துக்கு மைக்ரோ ஆம்பியர் அளவில் ஒரு மின்னோட்டம் போகும். அது திரும்பி வந்து சேர நியூட்ரலும் எர்த்தும் எங்காவது இணைந்திருக்கவேண்டும். வீட்டு மின்சாரத்தில் அந்த இணைப்பு இருக்கும். சின்ன இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் இருக்காது. போர்டு சுடரையே காணாமல், பாதுகாப்புக்காக காஸை அடைத்துவிடுகிறது. நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் பாண்டிங் பிளக் என்று ஒன்று உண்டு. ஜெனரேட்டரின் காலி சாக்கெட்டில் செருகினால் போதும்.

காஸ் ஃபர்னஸின் காற்றாடிக்கு 500 முதல் 800 வாட் போதும். தொடங்கும்போது இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். முழு மின்சார ஃபர்னஸ் என்றால் 10,000 வாட்டுக்கு மேல், கையில் தூக்கும் ஜெனரேட்டர் அதற்கு ஆகாது. காற்று இழுக்கவும் புகை விடவும் சுவருக்கு வெளியே நீட்டிய வெள்ளை பிளாஸ்டிக் குழாய்களைப் பனி மூடினாலும் ஃபர்னஸ் நின்றுவிடும். புயல் நடுவில் போய்த் தோண்டிவிட ஒரு மண்வெட்டியைக் கதவுக்கு உள்பக்கமே வையுங்கள். வெளியே வைத்தால் அதையும் சேர்த்துத் தோண்டவேண்டிவரும்.

மின்கம்பம்:

நீலச்சுடர் சார், பாண்டிங் பிளக்கை இப்படிப் பாதியில் விடக்கூடாது. ஜெனரேட்டரை டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் (வீட்டைத் தெரு மின்சாரத்திலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) வழியாக வீட்டுப் பேனலுக்கு இணைத்து, நியூட்ரல் துண்டிக்கப்படாத வகையாக இருந்தால், பேனலிலேயே அந்த இணைப்பு இருக்கிறது. அங்கே பிளக்கையும் செருகினால் இணைப்பு இரண்டாகி, நியூட்ரல் மின்னோட்டம் எர்த் கம்பியிலும் ஓடும். எக்ஸ்டென்ஷன் ஒயரில் நேரடியாக ஓட்டும் ஃபர்னஸுக்குத்தான் பிளக்.

இன்னொன்று, இதற்கு மன்னிப்பே கிடையாது. ஒரு வீட்டில், துணி உலர்த்தும் டிரையரின் சாக்கெட்டில் செருகவென்று ஒரு ஒயர், இரண்டு முனையிலும் ஆண் பிளக். ஒரு முனை ஜெனரேட்டரில். மறுமுனை கழன்று தரைவிரிப்பின்மேல் கிடக்கிறது, பின்கள் மேலே பார்த்து, கரண்டோடு. இரண்டு அடி தள்ளிக் குழந்தையின் காலணி. அதைச் செருகியிருக்கும்போது மெயின் பிரேக்கரை அணைக்க மறந்தால் அதே கரண்ட் தெருவுக்கும் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இரு திசையிலும் வேலை செய்யும். வீட்டு வோல்ட்டேஜை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கிக் கம்பத்தில் ஏற்றும். கம்பி செத்திருக்கிறது என்று நம்பி ஏறிய ஆள் அங்கே இருக்கிறார். இன்டர்லாக் (மெயின், ஜெனரேட்டர் பிரேக்கர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் போடவிடாத தடுப்பு) அல்லது டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கைத் தொடாதீர்கள். அது இல்லையா, தடித்த ஒயரை எடுத்து ஃப்ரிட்ஜுக்கு மட்டும் நேராக இழுங்கள். மெல்லிய நீள ஒயரில் வோல்ட்டேஜ் இறங்கி கம்ப்ரஸர் சூடாகிக் கெடும்.

கம்பளி:

எல்லோரும் இயந்திரம் பற்றியே எழுதுகிறீர்கள். ஒரு முதிய அம்மா, நாலு போர்வை, "நடுக்கம் நின்றுவிட்டது, இப்போது பரவாயில்லை" என்றார்கள் வீட்டில். பேச்சு குழறியது, பெயர் கேட்டால் யோசித்தார். நடுக்கம் நிற்பது உடல் தோற்கத் தொடங்கியதன் அடையாளம், தேறியதன் அடையாளம் அல்ல. உடனே ஆம்புலன்ஸ். அதுவரை ஈரத் துணியை மாற்றி, மார்பு, கழுத்து, தொடை இடுக்குக்கு வெதுவெதுப்பு. கை காலைத் தேய்க்கவேண்டாம்.

வீடு முழுவதையும் சூடாக வைக்கப் பார்க்காதீர்கள். ஒரு சின்ன அறை, மற்றக் கதவுகளை மூடி, அடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள். உள்ளேயே கூடாரம் அடித்தால் உடல் சூடே அதை நிரப்பும். கரி அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். தணல் சாம்பல் பூத்த பிறகும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும். போனுக்கும் மருத்துவக் கருவிக்கும் லித்தியம் பவர் ஸ்டேஷன் (பெரிய பேட்டரிப் பெட்டி) வைத்திருந்தால் அதை நீங்கள் தூங்கும் அறையிலேயே வையுங்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அந்த பேட்டரி நிரந்தரமாகக் கெடும்.

கரண்ட் போனபின் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த ஃப்ரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. காலி இடத்தைத் தண்ணீர் பாட்டிலால் நிரப்பி முன்பே உறையவிடுங்கள். ஐஸ் படிகம் மிச்சமிருந்தால் மறுபடி உறையவைக்கலாம். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் நின்ற இறைச்சி, பால், சமைத்த உணவு எறியவேண்டியதுதான். மூன்று நாளுக்குச் சேர்த்தால் போதும் என்று எண்ணவும் வேண்டாம். 1998 ஜனவரியில் கியூபெக்கில் உறைமழை மின்கோபுரங்களையே சாய்த்தது, சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின.

வடகாற்று:

மின்கம்பம் சொன்னதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள். பனங்கூடல், உங்கள் அடுக்கு ஒழுங்கு அருமை.

ஜெனரேட்டரில் ஒன்று விட்டுப்போனது. கடுங்குளிரில் என்ஜினின் பிரீதர் குழாயில் (உள் அழுத்தத்தை வெளியேற்றும் குழாய்) ஈரம் உறைந்து அடைத்தால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தள்ளிவிடும், ஆயில் எல்லாம் பனியில் கொட்டும். காற்று நேராக அடிக்காத இடத்தில், பக்கங்கள் திறந்த மறைப்புக்குக் கீழே வையுங்கள். ஆயில் 5டபிள்யூ-30. பெட்ரோல் ஊற்றுமுன் அணைத்து 15 நிமிடம் ஆறவிடுங்கள்.

கரண்ட் போனதும் பெரிய சாமான்களின் பிரேக்கரை அணைத்து, ஒரு விளக்கை மட்டும் போட்ட நிலையில் விடுங்கள், திரும்பியது தெரியும். முதல் சில நிமிடம் வோல்ட்டேஜ் ஆடும், திரும்பப் போகவும் கூடும். நிலைத்த பிறகு ஃபர்னஸ், பத்து நிமிடம் கழித்து ஃப்ரிட்ஜ், அப்புறம் மற்றவை. தண்ணீரை வடித்திருந்தால் மெயின் வால்வை மெதுவாகத் திறந்து ஒவ்வொரு குழாயாகக் கசிவு பாருங்கள். சூடுநீர் டேப்பில் காற்று கக்குவது நின்று தண்ணீர் சீராக வரும்வரை வாட்டர் ஹீட்டர் பிரேக்கரைத் தொடவேண்டாம்.