தேரிமணலில் எலக்ட்ரிக் டர்ட் பைக்: முதலில் சஸ்பென்ஷனா, 72 வோல்ட் பேட்டரியா?

விளைக்காட்டான்:
வணக்கம் அண்ணாச்சிமாரே. கைமாறி வந்த சர்ரான் லைட் பீ எக்ஸ் என்ற எலக்ட்ரிக் டர்ட் பைக் (மண்ணில் ஓட்டும் வண்டி) ஒன்று என்னிடம் இருக்கிறது. 60 வோல்ட், கம்பெனி பேட்டரி, கம்பெனி ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்), எதையும் இதுவரை தொடவில்லை. ஓட்டுவது இட்டமொழிப் பக்கம் எங்கள் சொந்தப் பனைவிளையில்தான், ரோட்டுக்குக் கொண்டுபோவதில்லை. என் எடை 84 கிலோ, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டால் 90ஐத் தொடும். மண்மேட்டிலிருந்து குதித்து இறங்கினால் பின்பக்கம் டம்மென்று அடித்து நேரே முதுகுத்தண்டில் ஏறுகிறது, முன்பக்கம் மணலில் புதைந்து ஹேண்டிலைப் பிடுங்குகிறது. அப்புறம் சார்ஜ் பாதிக்குக் கீழே போய்விட்டால் தேரி (செம்மணல் மேடு) ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. டவுனில் ஒரு கடையில் 72 வோல்ட் பேட்டரி பேக் கட்டித் தருகிறோம், அப்படியே சொருகிக்கொள்ளலாம், வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்கிறார்கள். இருக்கிற பணத்துக்கு இப்போது ஒன்றுதான் செய்ய முடியும். எதை முதலில் செய்ய?

பாளை ஸ்பானர்:
தம்பி, முதலில் சஸ்பென்ஷன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பவர் கூடினால் அதே மேட்டில் இன்னும் வேகமாக வந்து இறங்குவாய், அடியும் அதற்குத் தகுந்த மாதிரி கூடும்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு டேப்பை வைத்து அளந்து பார். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஆக்ஸிலிலிருந்து சீட்டுக்குக் கீழே ஃபிரேமில் ஒரு புள்ளி வரை அளவெடுத்துக்கொள். அப்புறம் வண்டியை இறக்கி, யாரும் ஏறாமல் அதன் எடையிலேயே நிற்கும்போது ஒரு அளவு. கடைசியாக நீ பூட்ஸ், ஹெல்மெட்டோடு ஏறி, இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு நின்றபின் ஒரு அளவு, அதை வேறு ஒருவர் எடுக்க வேண்டும். நீ ஏறியபின் பின்பக்கம் மொத்த அசைவில் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கி நிற்பது சரி. அதற்கு மேல் போனால் ப்ரீலோட் காலரை, அதாவது ஷாக் ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கி வைக்கும் வளையத்தை, திருகி ஏற்று. இங்கேதான் கவனிக்க வேண்டும்: காலரை ஏற்றி ஏற்றி நீ உட்கார்ந்த அளவு சரியாகிவிட்டது, ஆனால் ஆள் இல்லாதபோது வண்டி கொஞ்சமும் இறங்காமல் விறைத்துக்கொண்டு நிற்கிறது என்றால், ஸ்பிரிங் உன் எடைக்கு மெலிது என்று அர்த்தம். காலரால் அதைச் சரிசெய்ய முடியாது. ஷாக்கை மாற்ற வேண்டியதில்லை, அடுத்த கனமான ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் போடு. ஸ்பிரிங் கனமானால் ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகத்தை அடக்கும் திருகு) ஒன்றிரண்டு கிளிக் கூட்டி வை, இல்லாவிட்டால் மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் உன்னை உதைத்துத் தள்ளும்.

முன்னால் ஃபோர்க் குழாயில் ஒரு ஜிப் டை கட்டி சீலோடு ஒட்டித் தள்ளி வைத்து ஓட்டிப் பார். 200 மில்லிமீட்டர் அசைவு உள்ள ஃபோர்க்கில் ஒவ்வொரு சுற்றிலும் அது குழாயின் கீழ்க்கோடி வரை தள்ளப்பட்டு நின்றால் ஃபோர்க் உன் எடைக்கு மென்மை. பாதி தூரம்கூடப் போகாமல் ஹேண்டில் மட்டும் பிடுங்குகிறது என்றால் ஃபோர்க்கைக் குறை சொல்லாதே, டயர் காற்றைப் பார். மணலுக்கு 12 பிஎஸ்ஐ பக்கம் இறக்கலாம், ஆனால் ரிம் லாக் (டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு) இல்லாமல் அவ்வளவு இறக்கினால் டயர் ரிம்மில் சுழன்று ட்யூப் வால்வைப் பிய்த்துவிடும்.

செல் கட்டுபவன்:
அண்ணாச்சி சொன்னது சரி. நான் பேட்டரியைப் பற்றிச் சொல்கிறேன், அந்தக் கடைக்காரர் பேச்சு எனக்குக் கவலையாக இருக்கிறது.

உன் பேக் 16 வரிசை, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த 16 செல் தொகுதி, முழு சார்ஜில் 67.2 வோல்ட். 72 வோல்ட் என்று சொல்வது 20 வரிசை, முழு சார்ஜில் 84 வோல்ட். கம்பெனி கன்ட்ரோலர் (பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) 60 வோல்ட் பேக்குக்கு வந்தது, அது 84 வோல்ட்டைத் தாங்கும் என்று நம்பி இருக்க முடியாது. அப்படியே சொருகினால் எரிந்துபோகலாம். ஆகவே 72க்குப் போனால் கன்ட்ரோலர், லைட்டுக்கும் டிஸ்பிளேவுக்கும் 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய சார்ஜர் புதிய பேக்கை நிரப்பாது. புதிய சார்ஜரைத் தவறிப் பழைய பேக்கில் மாட்டினால் தீ விபத்து வரை போகும், இரண்டுக்கும் ஒரே மாதிரி பிளக் வைக்கவே கூடாது.

எடையையும் யோசி. மாலிசெல் பி42ஏ மாதிரி நல்ல 21700 (21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம்) செல்லில் 20 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் பக்கத்துப் பக்கமாக 10 இணை கட்டினால் 200 செல், ஒவ்வொன்றும் 70 கிராம், செல் மட்டுமே 14 கிலோ. அதில் 3 கிலோவாட் மணி கிடைக்கும், நல்ல பேக்தான், ஆனால் அந்த எடைக்கு சஸ்பென்ஷனை மறுபடி அளந்து வைக்க வேண்டும். யார் கட்டினாலும் மூடும் முன் போய்ப் பார். செல்லின் பாசிட்டிவ் முனையில் பார்லி பேப்பர் (ஷார்ட் ஆகாமல் தடுக்கும் காப்புக் காகிதம்) வளையம் இருக்கிறதா, செல்களை இணைக்கும் பட்டை சுத்த நிக்கலா அல்லது நிக்கல் பூசிய இரும்பா, பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் பலகை) கம்பிகள் பட்டையின் கூர்விளிம்பில் உரசாமல் போகின்றனவா என்று பார். டர்ட் பைக் பேட்டரிக்கு அதிர்வுதான் முதல் எதிரி. உரசுகிற கம்பி ஒருநாள் ஷார்ட் ஆகும்.

விளைக்காட்டான்:
ரொம்ப நன்றி. அப்படியானால் ஏற்றத்தில் திணறுவதற்கு இப்போதைக்கு என்ன வழி? எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் வெயிலுக்குத் தாங்கும் என்கிறார்களே, அது?

செல் கட்டுபவன்:
எல்எஃப்பி சூட்டைத் தாங்கும், ஆயுசும் கூட. ஆனால் ஒரு செல் 3.2 வோல்ட்தான், அதே சக்திக்கு இடமும் எடையும் கூடுதல் கேட்கும், உன் ஃபிரேமில் இருக்கிற பெட்டிக்குள் அடங்காது. ஆட்டோவுக்கு நல்லது, இதற்கு வேண்டாம்.

ஏற்றத்துக்கு மலிவான வழி ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்). பின்னால் 48 பல் இருக்கும், அதை 58 ஆக்கினால் சக்கரத்தில் இழுவை ஐந்தில் ஒரு பங்கு கூடும், உச்ச வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். பனைவிளையில் அந்த வேகம் உனக்கு எதற்கு? மணலில் மோட்டார் மெதுவாகச் சுற்றி முக்கும்போதுதான் கரன்ட் அதிகம் இழுத்துச் சூடாகிறது, பல் கூடினால் அந்தச் சுமை இறங்கும். செயின் 420 அளவுதான், கொஞ்சம் நீளமாக வாங்கிக்கொள். கூடவே பேக்கை ஒரு இரவு சும்மா வைத்து ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் பிஎம்எஸ் முனையில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல். ஒரு வரிசை மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து கிடந்தால் திணறலுக்குக் காரணம் அதுதான், 72 வோல்ட் கனவே தேவைப்படாது.

ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாதே, முக்கியமாகச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்து. லித்தியம் அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் செய்வது அதன் ஆயுசைத் தின்றுவிடும். கை வைத்தால் பெட்டி குளிர்ந்திருக்க வேண்டும், அப்புறம்தான் பிளக்.

தேரிக்காற்று:
நான் சாத்தான்குளம் பக்கம். ஒன்று சேர்த்துச் சொல்கிறேன், தேரி மணல் மாவு மாதிரி. ஆடிக் காற்றில் நிறுத்தி வைத்த வண்டியிலேயே புகுந்துவிடும். ஓட்டி முடித்ததும் ஃபோர்க் சீலைப் பிரஷர் வாட்டரில் அடிக்காதே, மண் உள்ளே போய்ச் சீலை அறுத்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, டஸ்ட் சீலை மெல்ல இறக்கி உள்விளிம்பைச் சுத்தம் செய். ஃபோர்க் ஆயிலும் புத்தகத்தில் போட்டிருக்கிற காலத்துக்கு முன்னாலேயே மாற்ற வேண்டிவரும்.

அப்புறம் சொந்த விளையிலேயே ஓட்டு. குதிரைமொழித் தேரி காப்புக்காடு, அங்கே ஏற்றக்கூடாது. ரிஜிஸ்டர் ஆகாத வண்டியை ரோட்டில் எடுத்தால் விபத்து ஆகும்போது இன்ஷூரன்ஸ் என்று ஒன்றுமே இருக்காது. விளைக்குக் கொண்டுபோக லோடு ஆட்டோ பிடித்துக்கொள்.

பாளை ஸ்பானர்:
தம்பி, அளவு மூன்றையும் எடுத்து இங்கேயே போடு, இப்போது ஸ்பிரிங்கில் என்ன எண் அடித்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல். எந்த ஸ்பிரிங் வாங்க வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைப் பக்கம் வந்தால் ஷாக்கைக் கழற்றிக் கொண்டு வா, ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்னிடம் இருக்கிறது. கயிற்றைக் கட்டி ஸ்பிரிங்கைக் கழற்ற முயற்சி மட்டும் பண்ணாதே, அது தெறித்தால் கை போய்விடும்.