டெலிவரி கொண்டுவருபவருக்கு டிப்ஸ் கொடுக்கலாமா, கொடுத்தால் அவர் கைக்குப் போகிறதா?

வாசற்படி எழுதியது:

எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகவே ஓடிக்கொண்டிருக்கும் வாக்குவாதம் இது. சாப்பாடு, மளிகை, மருந்து என்று வாசலுக்கு எது வந்தாலும் கொண்டுவருபவர் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புவது என் வழக்கம். என் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. "அக்கா, நீ கொடுக்கக் கொடுக்கக் கம்பெனிக்காரன் கூலியை ஏற்றவே மாட்டான், அவன் கொடுக்க வேண்டியதை நீ எதற்குக் கொடுக்கிறாய்" என்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நிற்பவரிடம் பையை வாங்கிக்கொண்டு அப்படியே கதவைச் சாத்த எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. வாசலுக்கு வருபவர் கண்ணில் படுகிறார், கொடுக்கிறோம். தெரு கூட்டுபவர், குப்பை எடுப்பவர், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் தரை துடைப்பவர், முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றிவிடுபவர், இவர்களுக்கெல்லாம் யார் கொடுக்கிறார்கள்? 2020-இல் இவர்கள் இல்லாவிட்டால் உலகமே நின்றிருக்கும் என்று ஊருக்கு ஊர் கை தட்டினோம். அதோடு சரி.

கொடுப்பது சரிதானா, கொடுத்தால் ஆப்பிலா கையிலா, சின்னத் தொகையாகக் கொடுத்தால் அவரை இளக்காரமாக நினைத்தது போல ஆகிவிடுமா? அனுபவத்தில் இருந்து சொன்னால் நன்றாக இருக்கும்.


இரண்டாவது ஷிப்ட் எழுதியது:

டெலிவரி ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கொடுங்கள் அக்கா. இளக்காரமாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். காசு ஆர்டருக்குத்தான், நேரத்துக்கு இல்லை. கடையில் சாப்பாடு ரெடியாகும்வரை வெளியே நிற்கிறோமே, அந்த நேரத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது, கிடைத்தாலும் பெயருக்குத்தான். உங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டர் கிடைக்கும் இடத்துக்கு வெறும் வண்டியோடு திரும்புகிற தூரமும் எங்கள் கணக்கில்தான் விழுகிறது. பெட்ரோல், டயர், சர்வீஸ், போன் டேட்டா, வண்டி கீழே விழுந்தால் வைத்தியச் செலவு எல்லாமே கைக்காசு. அதனால் ஒரு நாளின் வரவு என்று ஆப் காட்டுகிற தொகை வேறு, வீட்டுக்குப் போகிற தொகை வேறு.

மழை நாளில் பாருங்கள். போனைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டியிருப்போம். உங்கள் வாசலில் பையைக் கொடுத்த பிறகு 'கொடுத்தாச்சு' என்ற பட்டனை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு இழுக்க வேண்டும், ஈர விரலுக்கு அது நகராது, சட்டையின் உள்பக்கம் எங்காவது காய்ந்த துணி இருக்கிறதா என்று தேடித் துடைத்துத் துடைத்து இழுக்க வேண்டும். அது நகர்ந்தால்தான் அடுத்த ஆர்டர் வரும். அந்த நேரத்தில் ஒருவர் கதவைச் சாத்தாமல் நின்று ஒரு துண்டை நீட்டினால் அதுவே பெரிய விஷயம், கூடவே கையில் ஏதாவது வைத்தால் அந்த நாள் முழுக்க நினைவில் இருக்கும்.

ஆப்பா கையா என்றால், கையில். கையில் கொடுத்தது அந்த நிமிஷமே எங்களுடையது. ஆப்பில் டிப்ஸ் தனி வரியாகக் காட்டினால் பரவாயில்லை, கூலியும் டிப்ஸும் சேர்த்து ஒரே தொகையாகக் காட்டினால் எது யார் கொடுத்தது என்று எங்களுக்கே தெரியாது. சில ஆப்களில் இன்னொரு அநியாயமும் நடக்கும். ஆர்டர் போடும்போது பெரிய டிப்ஸ் வைப்பார்கள், அதைப் பார்த்து நாங்கள் ஓடி வருவோம், கொடுத்து முடித்ததும் அதை எடுத்துவிடுவார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

டிப்ஸ் கொடுக்க முடியாதவர்களும் இருப்பார்கள், எங்களுக்குத் தெரியும். அவர்கள் மேப்பில் இடத்தைச் சரியாகக் குறித்து, போன் அடித்தால் எடுத்து, இருட்டு வீதியாக இருந்தால் வாசல் விளக்கைப் போட்டு வைத்தாலே போதும். தாமதத்துக்குக் கடை காரணமாக இருக்கும்போது எங்கள் ரேட்டிங்கில் கை வைக்காதீர்கள். ரேட்டிங் விழுந்தால் ஆர்டரே வராமல் போகும்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

வாசற்படி, உங்கள் தம்பி சொல்வதை லேசாக ஒதுக்கிவிடாதீர்கள். அவர் பயப்படுவது சட்டப்படியே நடக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1966-இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, டிப்ஸ் வாங்கும் ஊழியரின் குறைந்தபட்சக் கூலியில் ஒரு பகுதியை அந்த டிப்ஸிலிருந்தே முதலாளி கழித்துக்கொள்ளலாம் என்று ஆக்கினார்கள். அங்கே மத்திய அரசு வைத்திருக்கும் பொதுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்குகிறவருக்கு முதலாளி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதோ 2.13 டாலர்தான், அதுவும் 1991-இலிருந்து அசையவில்லை. இரண்டும் சேர்ந்து 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தில் இருப்பவர் எங்கே போய்க் கேட்பார்? கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா மாதிரி சில மாநிலங்கள் மட்டும் இந்தக் கழிவை அனுமதிப்பதில்லை.

சட்டம் இடம் கொடுக்காத இடத்திலும் இது நடந்திருக்கிறது. சொந்த வண்டியில் அமேசான் பார்சல்களைக் கொண்டுபோகும் அமேசான் ஃப்ளெக்ஸ் ஓட்டுநர்களுக்கு மணிக்கு 18 முதல் 25 டாலர், டிப்ஸ் முழுவதும் உங்களுக்கே என்று சொல்லிவிட்டு, 2016 கடைசியிலிருந்து கம்பெனி தன் பங்கைக் குறைத்து அந்த இடத்தை வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸை வைத்து நிரப்பியது என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021-இல் 6 கோடியே 17 லட்சம் டாலர் திருப்பிக் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. அத்தனையும் யாரோ நல்ல மனசோடு ஓட்டுநருக்கு என்று நினைத்துக் கொடுத்த காசு.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் டிப்ஸில் ஒரு காசு கூட முதலாளி பிடிக்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் அது தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்குத்தான், சுயதொழில் ஒப்பந்தக்காரர் என்று எழுதி வைக்கப்பட்டவருக்கு எட்டாது. டெலிவரூ என்ற உணவு டெலிவரி கம்பெனியின் ஓட்டுநர்கள் தொழிற்சங்கம் மூலம் கூலி பேசும் உரிமை கேட்டுப் போன வழக்கில், தங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப அவர்களுக்கு அனுமதி இருக்கிறது, அதனால் இது முதலாளி தொழிலாளி உறவே இல்லை என்று 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆகவே என் கருத்து, கொடுங்கள், ஆனால் நடுவில் யாரும் இல்லாமல் கொடுங்கள். ஷிப்ட் தம்பி சொன்ன மாதிரி கையில்.


தெற்குக்காற்று எழுதியது:

நான் தம்பி பக்கம். கையில் கொடுத்தாலும் பிரச்சினை தீராது.

டிப்ஸ் என்பது கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. சேவை நன்றாக இருந்தால் அதிகம் கிடைக்கும் என்று நினைக்கிறோம், கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல வருடங்களாக உணவகங்களை வைத்து ஆராய்ந்து, சேவையின் தரத்துக்கும் டிப்ஸுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிதானது என்று காட்டியிருக்கிறார். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர டாக்சிகளைப் பற்றி 2005-இல் வெளிவந்த ஆய்வில், கறுப்பின ஓட்டுநருக்கு வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் கிடைத்தது தெரியவந்தது. அதே நகரம், அதே வேலை. முகம் பார்த்துக் கொடுக்கிற காசை நம்பி ஒருவர் எப்படி வாடகை கட்டுவார்?

அமெரிக்காவில் புல்மன் கம்பெனி நடத்திய படுக்கை வசதி ரயில் பெட்டிகளின் கதை இதற்கு நல்ல பாடம். அந்நாட்டு உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பின ஆண்களைப் படுக்கை வண்டிகளில் வேலைக்கு வைத்தார்கள், கூலி மிகக் குறைவு, மீதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள் என்பதுதான் ஏற்பாடு. ராத்திரி முழுக்கப் படுக்கை விரித்து, காலணி துடைத்து, சிரித்த முகமாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் முகம் சுளித்தால் காசு இல்லை. அவர்கள் 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, பன்னிரண்டு வருடம் போராடி 1937-இல் கம்பெனியிடம் ஒப்பந்தம் வாங்கினார்கள். டிப்ஸை ஏற்றிக் கொடுங்கள் என்று பயணிகளிடமா கேட்டார்கள்? கூலியை ஏற்று, வேலை நேரத்தைக் குறை என்று கம்பெனியைக் கேட்டார்கள்.

நியூயார்க்கும் அப்படித்தான். அங்கே டெலிவரி ஓட்டுநர்கள் கூடிப் போராடி, 2023 டிசம்பரிலிருந்து டிப்ஸ் போக மணிக்கு 17.96 டாலராவது கொடுக்க வேண்டும் என்று நகர நிர்வாகத்தை விதி போட வைத்தார்கள். உடனே சில பெரிய ஆப்கள் டிப்ஸ் கேட்கும் இடத்தை ஆர்டர் முடிந்த பிறகு வருமாறு தள்ளி வைத்தன, டிப்ஸ் சரிந்தது. ஆனால் கூலி உயர்ந்துவிட்டது, அது யார் முகத்தையும் பார்த்து ஏறி இறங்காது.


இரண்டாவது ஷிப்ட் எழுதியது:

தெற்குக்காற்று, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. நானும் சங்கத்தில்தான் இருக்கிறேன். ஆனால் கூலி ஏறும்வரை நிறுத்தி வைக்கிறேன் என்று ஒருவர் முடிவெடுத்தால் கம்பெனிக்கு அது தெரியக் கூடத் தெரியாது, எனக்கு அன்றைக்கே தெரியும். கொடுத்துக்கொண்டே குரலும் கொடுக்கலாமே. நாங்கள் வேலை நிறுத்தம் செய்கிற நாளில் ஆர்டர் போடாமல் இருங்கள், அது கம்பெனிக்கு உறைக்கும்.


மூன்றாம் வார்டு எழுதியது:

அக்கா கேட்ட இரண்டாவது கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். என் அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவர், அதனால் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் டிப்ஸ் வேண்டவே வேண்டாம். கொடுக்கிறவர் அன்பாகத்தான் கொடுப்பார், ஆனால் அது மெல்ல மெல்லக் கட்டாயமாகிவிடும். ஸ்ட்ரெச்சர் தள்ள இவ்வளவு, துணி மாற்ற இவ்வளவு என்று ஆகிவிட்டால் பக்கத்துப் படுக்கையில் கையில் ஒன்றும் இல்லாமல் படுத்திருப்பவரை யார் பார்ப்பார்கள்? அம்மா இதற்காகவே யார் நீட்டினாலும் வாங்க மாட்டார். வீட்டில் கஷ்டம் இல்லாமல் இல்லை.

அவருக்கு வேண்டியிருந்தது வேறு. அவருக்குக் கூலி கொடுத்தது ஆஸ்பத்திரி இல்லை, ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. கான்ட்ராக்ட் கைமாறும்போதெல்லாம் பழைய சர்வீஸ் கணக்கு அழிந்து புதிதாகச் சேர்ந்தவர் ஆகிவிடுவார். கையுறை கிழிந்தால் மறு ஜோடி வரும்வரை அதையே போட்டுக்கொண்டு ஊசி கிடக்கும் குப்பையில் கை விட வேண்டும். எந்த டிப்ஸ் இதைச் சரி செய்யும்? மாசம் பிறந்து கூலி தள்ளிப் போனபோது, ஒரு நோயாளியின் மகன் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தார். அந்த வாரமே கூலி வந்தது. அம்மா அவரைப் பற்றி இன்றும் பேசுவார்.

தெரு கூட்டுபவர், குப்பை எடுப்பவர், குடியிருப்பின் காவலாளி, இவர்களுக்குப் பண்டிகைக்கு ஒரு முறை எல்லா வீடும் சேர்ந்து போட்டுக் கொடுப்பது நல்லதுதான். குப்பையில் உடைந்த கண்ணாடி இருந்தால் தனியாகக் கட்டி மேலே எழுதி வையுங்கள். காவலாளிக்கும் துப்புரவுக்கும் ஏஜென்சியை அமர்த்துவது உங்கள் குடியிருப்புச் சங்கம் என்றால், மாதம் எவ்வளவு கட்டுகிறோம், அதில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கூட்டத்தில் ஒருவராவது எழுந்து கேளுங்கள். அங்கே முதலாளி வேறு யாரும் இல்லை, நாம்தான்.


வாசற்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கும் படிக்கக் கொடுத்தேன், புல்மன் கதையைப் பிடித்துக்கொண்டு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான். மூன்றாம் வார்டு, ஏஜென்சி விஷயத்தை எங்கள் சங்கத்தில் நான் இதுவரை யோசித்ததே இல்லை, அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன். ஷிப்ட் தம்பி, ஒரே ஒரு சந்தேகம். கையில் கொடுக்கும்போது சிலர் வேண்டாம் என்று பின்னால் நகர்கிறார்கள். வற்புறுத்தலாமா?


இரண்டாவது ஷிப்ட் எழுதியது:

ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சில கம்பெனிகளில் கையில் வாங்கக் கூடாது என்று விதி, வாசலில் கேமரா இருந்தால் பயப்படுவார்கள். சிலருக்கு வாங்கப் பிடிக்காது, அதுவும் அவர்கள் உரிமை. அப்படிப்பட்டவருக்கு ஆப்பில் ரேட்டிங்குக்குக் கீழே நாலு வார்த்தை எழுதுங்கள், அவர் அக்கவுண்ட்டைக் கம்பெனி முடக்கினால் காட்டுவதற்கு அதுவாவது இருக்கும்.