கிறிஸ்துமஸை எடுத்துட்ட ஸ்காட்லாந்துல கூலிக்காரனுக்கு எப்போ லீவு?

தறிவீட்டுப் பொண்ணு, குடியாத்தம்
எங்க அப்பா லுங்கி நெசவு. குழித்தறியில உட்கார்ந்தா பொழுது சாயற வரைக்கும் எழமாட்டார். ஆனா அமாவாசை அன்னிக்கு நாடாவைத் தொடமாட்டார். தறிக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டிட்டுத் திண்ணையில வந்து உட்காருவார். மாசத்துல அந்த ஒரு நாள்தான் எங்களைப் பக்கத்துல உட்காரவெச்சுக் கதை பேசுவார். 1640ல ஸ்காட்லாந்து பார்லிமெண்ட் கிறிஸ்துமஸ் விடுமுறையை ரத்து பண்ணிச்சுன்னு படிச்சதுலேர்ந்து மனசு ஆறல. அந்த ஊர் கூலி ஜனங்க எப்போதான் சிரிச்சாங்க?

பழைய சரித்திர வாத்தியார், காட்பாடி
அம்மா, அது 1640க்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சுது. 1560ல மதச் சீர்திருத்தம் வந்தப்பவே, வேதத்துல சொல்லாத பண்டிகை எதுவும் வேணாம்னு போதகர்கள் முடிவு பண்ணிட்டாங்க. 1574ல அபர்தீன்ல யூல் அன்னிக்கு ஆடிப் பாடினதுக்காகப் பொம்பளைங்களைச் சபை விசாரிச்சுது. யூல்னா அவங்க பேச்சுல கிறிஸ்துமஸ்.

ஜனங்க சும்மா விட்டுடல. ராபின் ஹூட்னு கதையில வர்ற கொள்ளைக்காரன் வேஷம் கட்டி மே மாசம் ஆடுற ஆட்டத்தை 1555லயே தடை பண்ணியிருந்தாங்க. 1561ல எடின்பரோ பட்டறைப் பசங்க மறுபடி ஆடினாங்க. அதுக்காக செருப்புத் தைக்கிற பட்டறைப் பையன் ஒருத்தனுக்குத் தூக்குன்னு தீர்ப்பாச்சு. கூட்டம் திரண்டு போய் தூக்குமரத்தை உடைச்சு, சிறைக் கதவையும் உடைச்சு அவனை வெளியே கொண்டுவந்துச்சு.

1598ல பார்லிமெண்டே இறங்கி வந்து, ஞாயிறு கோயிலுக்கு, திங்கள் விளையாட்டுக்குன்னு சட்டம் போட்டுச்சு.

எனக்குப் பிடிச்சது வருஷத்தோட முதல் திங்கள், ஹேன்சல் திங்கள். ஹேன்சல்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம போணி! காலையில கடையில விழுற முதல் காசுக்கும் அங்க அதே பேர்தான். அந்தக் காலத்துல அன்னிக்கு எஜமான் பண்ணையாளு கையில காசு குடுக்கணும். ஆளுங்களுக்கு வேலை கிடையாது, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய் வருவாங்க. புனிதர் பேர் எதுவும் ஒட்டாத நாளா இருந்ததாலதான் அது தப்பிச்சுதுன்னு நான் நெனைக்கிறேன்.

தோல் ஷாப்பு ஆளு, ஆம்பூர்
செருப்புப் பட்டறைப் பையன்னதும் திரும்பத் திரும்பப் படிச்சேன் சார். எங்க தொழில் ஆச்சே. ஜெட்பரோன்னு ஒரு ஊர்ல, தவக்காலத்தை ஒட்டி, ஊரே ரெண்டா பிரிஞ்சு தெருவுல தோல் பந்துக்கு மல்லுக்கட்டுறதைப் பார்த்திருக்கேன், வீடியோலதான். பந்துல ரிப்பன் கட்டியிருக்கும். கடைக்காரங்க ஜன்னலுக்குப் பலகை அடிச்சுடுவாங்க. நம்ம பக்கம் எருது விடும் விழாவுக்கு ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டுறோம்ல, அப்படியே.

தறிவீட்டுப் பொண்ணு, குடியாத்தம்
சார், நேத்து அமாவாசை. திண்ணையில உட்காரவெச்சு அப்பாவுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். போணின்னதும் முகம் மலர்ந்துபோச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தப் பசங்களை முதலாளிங்க திரும்ப வேலைக்கு எடுத்துக்கிட்டாங்களா?"ன்னு கேட்டார்.

பழைய சரித்திர வாத்தியார், காட்பாடி
எடுத்துக்கச் சொன்னாங்கம்மா. நடந்ததுக்கு யார் மேலயும் வழக்கு இல்ல, பசங்களை மறுபடி வேலையில சேர்த்துக்கணும்னு நகர அதிகாரிங்க அறிவிக்க வேண்டியதாப் போச்சு. அப்பாகிட்ட சொல்லிடு.