பாங்காக் டூரில் அந்த ஒரு ‘ஃப்ரீ டே’: போய் வந்தவர்கள் சொல்வது

தொடக்கப் பதிவு

பட்டாயாவில் இரண்டு இரவு, பாங்காக்கில் இரண்டு இரவு. நம்மூரிலிருந்து கிளம்பும் தாய்லாந்து பேக்கேஜ் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அதில் பாங்காக்கில் ஒரு நாளுக்கு எதிரே ‘ஃப்ரீ டே’ என்று போட்டிருக்கும். அன்றைக்குக் காலை டிபன் உண்டு, பஸ் கிடையாது, கைடு கிடையாது, மதியச் சாப்பாடும் பெரும்பாலும் நம் பொறுப்பு.

இந்த நாள் வீணாகும் இடம் ஹோட்டல் லாபி. முப்பது பேரும் டிபன் முடித்து, எங்கே போகலாம் என்று நின்றபடி பேச ஆரம்பித்தால் பத்தரை ஆகிவிடும். அதற்குள் வெயில் ஏறிவிடும், சாலையும் நின்றுவிடும். பாங்காக்கில் தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்கக் கூடாது. நாலு கிலோமீட்டர் டாக்ஸியில் பதினைந்து நிமிடமும் ஆகும், சாயங்காலம் என்றால் ஒரு மணி நேரமும் ஆகும்.

அதனால் முதல் நாள் இரவே நாலு நாலு பேராகப் பிரிந்துவிடுங்கள். டாக்ஸியில் ஏறுவது நாலு பேர்தான். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் எல்லாக் கணக்கும் இரட்டிப்பு. ஒவ்வொரு நாலு பேரிலும் இணையம் உள்ள போன் ஒன்று, தாய்லாந்து எழுத்தில் ஹோட்டல் முகவரி அச்சான அட்டை ஒன்று இருக்கட்டும். அட்டை ரிசப்ஷனில் சும்மா கிடைக்கும். நாம் ஆங்கிலத்தில் சொல்லும் ஹோட்டல் பெயர் பாதி டிரைவர்களுக்குப் புரியாது.

குழு மேலாளரிடம் அன்று இரவே கேட்க வேண்டியவை: பாஸ்போர்ட்டை அவர் வாங்கி வைத்திருந்தால் உங்களுடையதைத் திருப்பிக் கேளுங்கள். மறுநாள் பெட்டி எத்தனை மணிக்கு வெளியே வைக்க வேண்டும் என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக் கூப்பன் இருந்தால் அதை விட்டுவிடலாமா என்றும் கேளுங்கள். நூறு ரூபாய்ச் சாப்பாட்டுக்காக ஊரின் மறுகோடியிலிருந்து திரும்பி வந்தால் மூன்று மணி நேரம் போச்சு.

பத்து வருடமாகக் குழு அழைத்துப் போகிறவர்

பேக்கேஜில் ‘பாங்காக் சிட்டி டூர்’ என்று இருப்பது வழக்கமாக அரை நாள்: ஐந்தரை டன் தங்கப் புத்தர் இருக்கும் வாட் ட்ரைமிட் (‘வாட்’ என்றால் கோயில்), பளிங்குக் கோயில், கடைசியில் ஒரு நகைக்கடை. அரச அரண்மனை பெரும்பாலும் இதில் வராது, ஏனென்றால் டிக்கெட்டே ஆளுக்கு 500 பாட். ஆகவே ஃப்ரீ டேயின் முதல் வேலை அரண்மனைதான். சந்தை, மால் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவை இரவு வரை திறந்திருக்கும்.

நம் குழுக்கள் அதிகம் தங்குவது பிரதுனாம் பக்கம். அங்கிருந்து ஒரே வட்டமாக, போன வழியில் திரும்பாமல் இப்படிப் போகலாம்:

காலை ஏழரைக்குப் பிரதுனாம் படகுத்துறையில் சேன் சேப் கால்வாய்ப் படகு. ‘பான்ஃபா’ என்று கேட்டு ஏறுங்கள். அதுதான் கடைசி நிறுத்தம், தவறவிட முடியாது. பணத்தைப் படகின் விளிம்பில் நடந்து வரும் கண்டக்டரிடம் கொடுக்கலாம், இருபது பாட்டுக்குள் ஆகும். பத்துப் பதினைந்து நிமிடம். தண்ணீர் சுத்தமில்லை. எதிர்ப்படகு வரும்போது ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் சட்டை நனையும். படகு துறையில் சில வினாடிதான் நிற்கும். முட்டி வலி உள்ளவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் இதில் ஏற வேண்டாம்.

பான்ஃபாவில் இறங்கி டாக்ஸி. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். எட்டரைக்கு அரண்மனை வாசல் திறக்கும்போது அங்கே நிற்கலாம். பிற்பகல் மூன்றரையோடு டிக்கெட் விற்பனை முடிந்துவிடும்.

உள்ளே இரண்டு மணி நேரம் வையுங்கள். மரகதப் புத்தரைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஓடிவிடுகிறார்கள். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள பிராகாரச் சுவரில் ராமாயணம் முழுக்க 178 ஓவியங்களாக ஓடுகிறது. கதை தெரிந்த நமக்குக் கைடே தேவையில்லை. தாய்லாந்து அனுமன் நம் அனுமனைப் போல பிரம்மச்சாரி இல்லை, அது மட்டும் பாட்டிமார்களுக்குக் கொஞ்சம் உறுத்தும்.

அங்கிருந்து மதில் ஓரமாகத் தெற்கே பத்துப் பதினைந்து நிமிட நடையில் வாட் போ. 46 மீட்டர் நீளப் படுத்த புத்தர், 300 பாட். பக்கத்தில் தா தியன் துறை. ஐந்து பாட் கொடுத்து அக்கரை போனால் வாட் அருண், 200 பாட். மூன்றும் சேர்ந்து ஆளுக்கு ஆயிரம் பாட் நுழைவுக்கே ஆகிறது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் வாட் போ வாசலில் குழு உடையும்.

வாட் அருண் துறையிலேயே ஆரஞ்சுக் கொடிப் படகு வரும். எங்கே இறங்கினாலும் 16 பாட். நீலக் கொடி என்பது சுற்றுலாப் படகு, விலை அதிகம், போவது அதே ஆற்றில்தான். சாத்தோர்னில் இறங்கினால் தலைக்கு மேலேயே சபான் தக்சின் ரயில் நிலையம்.

சென்னை வாசகி

மேலே சொன்ன வட்டம் சரி. உடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரண்மனை வாசலில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கையில்லாத மேல்சட்டைக்கு மேலே துப்பட்டா போட்டுச் சமாளிப்பதை ஒருவர் விடுவார், அடுத்தவர் விடமாட்டார். லெக்கிங்ஸ், கிழிந்த ஜீன்ஸ் கூடாது. புடவை, தொளதொளப்பான சல்வார் என்றால் கவலையே இல்லை. திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் முக்கால்வாசி அரைக்கால் சட்டை போட்ட நம் ஆண்கள்தான். எதிர்ப்பக்கக் கடையில் யானைப் படம் போட்ட பேண்ட் விற்பார்கள், அவசரம் தெரிந்து விலை சொல்வார்கள்.

இன்னொன்று, அரண்மனை மதிலுக்கு நூறு அடி முன்னால் ஒருவர் வந்து பேசுவார். நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. ‘இன்று பௌத்தத் திருநாள், ஒரு மணிக்குத்தான் திறக்கும். அதுவரை நின்ற புத்தரைப் பார்த்து வாருங்கள், டுக் டுக்கில் நாற்பது பாட்தான்’ என்பார். ஒரு சின்னக் கோயில், அங்கே தற்செயலாக வந்தது போல இன்னொருவர், அவர் வாயால் ‘அரசாங்க ரத்தின விற்பனை, இன்றே கடைசி’. அப்புறம் கடை. டிரைவருக்கு அந்தக் கடையிலிருந்து பெட்ரோல் கூப்பன் கிடைக்கும், அதனால்தான் நாற்பது பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறார். அரச வைபவங்களுக்காக அரண்மனை சில நாள் மூடப்படுவதும் உண்டு என்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. முந்தைய இரவு அரண்மனையின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். தெருவில் யார் சொன்னாலும் வாசல் வரை நடந்து போய்ப் பாருங்கள்.

மதுரை வாசகர்

ரயிலைப் பற்றி ஒன்று. மேலே ஓடும் பி.டி.எஸ். வேறு, கீழே ஓடும் எம்.ஆர்.டி. வேறு, டிக்கெட்டும் வேறு. எம்.ஆர்.டி. கேட்டில் வெளிநாட்டில் செல்லும் விசா, மாஸ்டர் கார்டைத் தட்டினாலே போதும், ஆனால் ஒரு ஆளுக்கு ஒரு கார்டு. ஒரே கார்டைத் தட்டி நாலு பேர் நுழைய முடியாது. பி.டி.எஸ்.ஸுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுப் படகு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எம்.ஆர்.டி. நீலப் பாதையில் சனாம் சாய் நிலையம். ஏறி வந்தால் வாட் போ சில நிமிட நடை.

சைவச் சாப்பாட்டுக்காரர்

‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் தலையாட்டிவிட்டு மீன் சாறு ஊற்றிக் கொடுப்பார்கள். ஏமாற்றும் எண்ணமில்லை. ‘நாம் ப்ளா’ அவர்களுக்கு உப்பு மாதிரி, அசைவக் கணக்கில் வராது. சிப்பிச் சாறும் அப்படித்தான். பப்பாளி சாலட்டில் காய்ந்த இறால் கிடக்கும்.

சொல்ல வேண்டிய சொல் ‘ஜே’. ‘கின் ஜே’ என்றால் மீன் சாறு, முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லை. மஞ்சள் பின்னணியில் சிவப்பாக 17 என்று எழுதியது போல ஒரு குறி இருக்கும். கடை வாசலிலும் செவன் இலெவன் கடைப் பொட்டலங்களிலும் அதைத் தேடுங்கள். ‘மங்சவிரத்’ என்றாலும் சைவம்தான், வடமொழி மாம்ச விரதி. அதில் முட்டை வரலாம்.

தப்பித் தவறியும் ‘காய்’ வேண்டும் என்று கேட்காதீர்கள். தாய்லாந்து மொழியில் அது கோழி. கொஞ்சம் அழுத்தி மூச்சு விட்டுச் சொன்னால் முட்டை. நமக்குக் காய்கறி, அவர்களுக்கு ‘பக்’.

கோயில் கலை பார்க்கிறவர்

பத்து வருடமாகக் குழு அழைத்துப் போகிறவர் சொன்ன வட்டத்தில் ஒரு நிறுத்தம் விட்டுப்போயிற்று. சபான் தக்சினில் ரயில் ஏறி அடுத்த நிலையமான சுரசக்கில் இறங்கினால் பத்து நிமிட நடையில் சீலோம் சாலை மாரியம்மன் கோயில். 1879இல் தமிழர்கள் கட்டியது. ஊர்க்காரர்கள் ‘வாட் கேக்’ என்பார்கள், டாக்ஸியிலும் அதையே சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை.

அரண்மனை வேண்டாம் என்கிறவர்களுக்கு, பான்ஃபாவில் இறங்கியதும் எதிரே தெரியும் பொன்மலை இருக்கிறது. 344 படி, சுற்றிச் சுற்றி ஏறுவதால் மூச்சு முட்டாது, 100 பாட். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் சிவப்பு நிறத்தில் பெரிய ஊஞ்சல் கம்பம், பக்கத்தில் 1784இல் எழுந்த தேவஸ்தான் என்கிற பிராமணர் கோயில். ஆள் ஏறி ஆடும் ஊஞ்சல் விழா 1935இல் நின்றுவிட்டது. மார்கழியை ஒட்டி உள்ளே நடக்கும் சடங்கின் பெயர் ‘திரியம்பவாய் திரிபவாய்’. நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான். கோயில் கதவு எல்லா நேரமும் திறந்திருக்காது, ஊஞ்சலை மட்டும் பார்த்துத் திரும்பவும் தயாராகப் போங்கள்.

வாங்கும் கூட்டத்துக்கு

சதுசக் சந்தை சனி, ஞாயிறுதான். ஃப்ரீ டே புதன்கிழமை விழுந்தால் அதை மறந்துவிடுங்கள். பிரதுனாமிலேயே பிளாட்டினம் மால் இருக்கிறது. ஒரே கடையில் மூன்று உருப்படி எடுத்தால் மொத்த விலை. போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், அளவு நாடா கொண்டு போங்கள்.

ரூபாயை அங்கே மாற்றாதீர்கள், டாலராகக் கொண்டு போங்கள். 100 டாலர் தாளுக்குக் கிடைக்கும் விலை சின்னத் தாளுக்குக் கிடைக்காது. ஏ.டி.எம்.மில் நம் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டாவது பிடிப்பார்கள், ஆகவே நாலு தடவை எடுப்பதை ஒரே தடவையாக எடுங்கள்.

ஒரே நாளில் ஒரே கடையில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால் 7 சதவீத வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும், வரித் திருப்பிக்கொடுப்பில் சேர்ந்த கடையாக இருக்க வேண்டும். படிவம் தர பாஸ்போர்ட் கேட்பார்கள். அது குழு மேலாளர் பையில் இருந்தால் எல்லாம் போச்சு. சுங்க முத்திரை தேவைப்பட்டால் அதை விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்பே வாங்க வேண்டும். பெட்டி போன பிறகு காட்டப் பொருளே இருக்காது.

புத்தர் சிலையை அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுவர முடியாது. கழுத்தில் அணியும் சின்னத் தாயத்துக்குத் தடையில்லை.

பட்டாயாவில் ஃப்ரீ டே கிடைத்தவர்களுக்கு

கடற்கரைச் சாலையில் சுற்றும் நீலப் பிக்கப் வண்டியில் விலை கேட்காமல் ஏறுங்கள். இறங்க வேண்டிய இடத்தில் மணியை அழுத்தி, பத்து பாட்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். விலை கேட்டீர்கள் என்றால் வண்டியை வாடகைக்குக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம், இருநூறில் ஆரம்பிப்பார். கோ லான் தீவுக்கு பாலி ஹாய் துறையிலிருந்து பெரிய படகு 30 பாட், முக்கால் மணி நேரம். திரும்பும் கடைசிப் படகு நேரத்தைத் தீவில் இறங்கியவுடனேயே கேட்டு வையுங்கள். ஜெட் ஸ்கீ எடுப்பவர்கள் ஏறும் முன்பு அடிப்பாகம் உட்பட வீடியோ எடுக்கவும். திரும்பி வந்ததும் பழைய கீறலைக் காட்டிப் பணம் கேட்பது அங்கே பேர்போன தொழில்.

பத்து வருடமாகக் குழு அழைத்துப் போகிறவர் (மீண்டும்)

கிளம்பும் நாளே ஃப்ரீ டேயாக அமைந்தால்: அறையைப் பன்னிரண்டு மணிக்குக் காலி செய்ய வேண்டும், விமானம் ராத்திரி. பெட்டியை ரிசப்ஷனில் வைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஆற்றுப் பக்கம் போகாமல் பிரதுனாம், சித் லோம் நடைபாலம், எரவான் பிரம்மா சந்நிதி என்று நடக்கும் தூரத்திலேயே இருங்கள். நாலு மணிக்கு மேல் சாலையை நம்பாதீர்கள். சுவர்ணபூமிக்கு ராட்சப்ராரோப் நிலையத்திலோ பயா தாயிலோ ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் சேரலாம், அதிகபட்சம் 45 பாட்.

ஆனால் அதற்கு முன் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். பி.கே.கே. என்றிருந்தால்தான் சுவர்ணபூமி. டி.எம்.கே. என்றிருந்தால் டான் முவாங். சென்னைக்கு இரண்டிலிருந்தும் விமானம் உண்டு. இரண்டுக்கும் நடுவே முழு ஊரும் கிடக்கிறது. குழு இரண்டு விமானங்களில் பிரிந்து பதிவாகியிருந்தால், வந்து இறங்கிய அதே இடத்திலிருந்துதான் எல்லாரும் திரும்புவார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொருவர் டிக்கெட்டிலும் அந்த மூன்று எழுத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.