9ஆம் வாரம், தினமும் குவார்ட்டர்: இனி நிறுத்தினால் பயன் உண்டா?

அணைக்கட்டு_செவிலியர்:
புதிதாகப் பதிவு செய்த ஒரு கர்ப்பிணி. கடைசி மாதவிலக்கிலிருந்து 9 வாரம். உடம்பு வலிக்கென்று 2 வருஷமாக தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி. "ஸ்கேன்ல நல்லா வந்தா போதுமே" என்கிறார் மாமியார். குடியால் சிசுவுக்கு வரும் பாதிப்பு ஸ்கேனில் தெரியுமா? இன்றே நிறுத்தச் சொல்லட்டுமா?

பாலாற்றங்கரை:
தெரியாதுங்க மேடம். 5ஆம் மாத ஸ்கேன் உறுப்புகளின் வடிவத்தைத்தான் காட்டும், மூளைக்குள் நரம்புகள் பின்னும் விதத்தை அல்ல.

180 மில்லி, 42.8 சதவீதம் என்றால் சுமார் 61 கிராம் ஆல்கஹால். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. தாயின் ரத்தத்தில் உள்ள அளவு ஏறக்குறைய அப்படியே சிசுவுக்கும் போகும். அதைச் சிதைக்கும் நொதி சிசுவின் ஈரலில் மிகக் குறைவு. போதாததற்கு, சிறுநீரோடு பனிக்குட நீரில் விட்டதையே சிசு திரும்ப விழுங்கும். தாய்க்குத் தெளிந்த பிறகும் உள்ளே தெளியாது.

கருத்தரித்த 3, 4ஆம் வாரங்களில் குடித்தால் முகத்தை உருவாக்கும் செல்கள் சாகும்: மேலுதடு மெலியும், மூக்குக்குக் கீழுள்ள பள்ளம் மழுங்கும். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் மூளை பிரசவம் வரை வளர்கிறது. இரு பாதிகளை இணைக்கும் நரம்புப் பாலம், சிறுமூளை, ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் எல்லாம் இனிமேல்தான். கடைசி 3 மாதத்தில் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்போது ஆல்கஹால் அந்தப் பேச்சை அடக்கும். சமிக்ஞை வராத செல்கள் தாமாகவே அழியும். ஆகவே 9ஆம் வாரத்தில் நிறுத்துவது பெரிய லாபம், தயங்காமல் சொல்லுங்கள். முகம் சாதாரணமாக இருந்தே கணக்கிலும் கவனத்திலும் தடுமாறும் பிள்ளைகள்தான் அதிகம்.

காட்பாடி_மனநலம்:
நிறுத்தணும், ஆனால் வீட்டில் வைத்து ஒரேயடியாக வேண்டாம். தினசரிப் பழக்கம் என்பதால் முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை வரும். 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், அது சிசுவுக்கும் ஆபத்து. அடுக்கம்பாறையில் (வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) சேர்க்கச் சொல்லுங்கள்; மகப்பேறு, மனநலம் இரண்டு பிரிவும் சேர்ந்து பார்க்கணும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) போடணும், இதை வாய்விட்டுக் கேளுங்கள். குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிரம் மாத்திரை கர்ப்பத்தில் கூடாது. சோற்றில் கலக்கும் "குடி மறக்கும் பொடி" வேண்டவே வேண்டாம், உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது.

மாமியாரிடம் தனியாகப் பேசுங்கள். திட்டினால் அந்தப் பெண் ஒளித்துக் குடிப்பார், அடுத்த செக்கப்புக்கும் வரமாட்டார்.

அணைக்கட்டு_செவிலியர்:
நன்றி. ஃபோலிக் ஆசிட் கொடுத்தால் ஈடாகுமா?

பாலாற்றங்கரை:
ஈடாகாது, ஆனாலும் கொடுங்கள். குடித்த அளவையும் வாரத்தையும் தாய் அட்டையில் எழுதிவையுங்கள். பிறந்ததும் குழந்தையின் தலைச்சுற்றளவை அளந்து எழுதுங்கள், பிறகு ஒவ்வொரு தடுப்பூசிக்கு வரும்போதும் அளக்கணும். பின்தங்கினால் பள்ளி வயசு வரை காத்திராமல் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புங்கள். பிரசவ மருந்தென்று வீட்டில் தரும் அரிஷ்டத்திலும் ஆல்கஹால் உண்டு. அது தாய்ப்பாலில் இறங்கும்.