‘போர்ட்’ என்றால் துறைமுகமா, இடப்பக்கமா, போன் சார்ஜ் போடும் ஓட்டையா?

கேள்வி: உப்புவெளிக்காரன்

மீன்பிடி வள்ளங்களுக்கான பாதுகாப்பு அறிவித்தல் ஒன்றை ஆங்கிலத்தில இருந்து தமிழுக்கு மாத்த வேண்டியிருக்கு. ஏற்கனவே யாரோ செய்து வச்ச தமிழ்ப் பிரதியில ‘போர்ட் லைட்’ எண்டதை ‘துறைமுக விளக்கு’ எண்டு போட்டிருக்கினம். ‘ஸ்டார்போர்ட்’ அதைவிட மோசம்: ‘நட்சத்திரப் பலகை’. வாசிக்கிற சம்மாட்டி வானத்தைப் பார்க்கிறதா, பலகையைத் தேடுறதா?

கப்பல்ல போர்ட் எண்டா இடப்பக்கம் எண்டது தெரியும். ஆனா துறைமுகத்துக்கும் இடப்பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அறிவித்தலின்ர பின்பக்கத்தில எஞ்சின் பராமரிப்பும் இருக்கு. அங்க ‘எக்ஸோஸ்ட் போர்ட்’ எண்டு வருது. ஜி.பி.எஸ் கருவிக்கு ‘யூ.எஸ்.பி போர்ட்’. எல்லாம் ஒரே சொல்லா? எந்த இடத்தில எந்தத் தமிழ் போட்டாப் பிழைக்காது?

பதில் 1: வேர்ச்சொல்

ஒரே எழுத்துக்கூட்டு, ஆனால் ஒரே சொல் அல்ல. லத்தீனில் மூன்று சொற்கள் இருந்தன. ‘போர்ட்டுஸ்’ என்றால் துறை. ‘போர்ட்டா’ என்றால் வாசல். ‘போர்ட்டாரே’ என்றால் சுமந்து செல்லுதல். மூன்றும் ‘கடந்து போதல்’ என்ற பொருளுள்ள ஒரே பழைய வேரில் முளைத்தவைதான். ஆற்றைக் கடக்கும் ‘ஃபெரி’யும் அதே வேர். ஆனால் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தபோது வால் தேய்ந்து மூன்றும் ‘போர்ட்’ ஆகிவிட்டன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சொல்லைப் பார்த்ததும் துறை, வாசல், சுமை என்ற மூன்றையும் வைத்துப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதுதான் அதன் குடும்பம்.

சுமைக் குடும்பம்தான் பெரியது. இம்போர்ட் உள்ளே சுமப்பது, எக்ஸ்போர்ட் வெளியே சுமப்பது, டிரான்ஸ்போர்ட் அக்கரைக்குச் சுமப்பது. ரிப்போர்ட் என்பது செய்தியைத் திரும்பச் சுமந்து வருவது. சப்போர்ட் கீழிருந்து தாங்குவது. ஸ்போர்ட்ஸ் கூட இதில்தான் வரும்: பழைய பிரெஞ்சில் ‘மனதை வேறு பக்கம் கொண்டுபோதல்’ என்ற பொருளில் இருந்த ‘டெஸ்போர்ட்டர்’ ஆங்கிலத்தில் தலை வெட்டுப்பட்டு ‘ஸ்போர்ட்’ ஆனது.

வாசல் குடும்பத்தில் வீட்டு முகப்பின் போர்ட்டிகோ, கப்பல் பக்கச்சுவரின் வட்ட ஜன்னலான போர்ட்ஹோல், பழைய போர்க்கப்பல்களில் பீரங்கி நீட்டும் கன்போர்ட், நீங்கள் கேட்ட யூ.எஸ்.பி போர்ட், எஞ்சின் போர்ட் எல்லாம் அடங்கும்.

இதிலே ஒரு வேடிக்கை, போர்ட்டர். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிற போர்ட்டர் ‘போர்ட்டாரே’யின் பிள்ளை. விடுதி வாசலில் நிற்கிற போர்ட்டர் ‘போர்ட்டா’வின் பிள்ளை. இரண்டு பேரும் ஒரே சட்டை போட்டிருந்தாலும் சொல்லளவில் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

துறைக் குடும்பம் சின்னது, ஆனால் அழகானது. ‘ஆப்பர்ச்சூனிட்டி’ இதில் சேர்ந்தது. லத்தீனில் ‘ஒப்போர்த்தூனுஸ்’ என்பது துறையை நோக்கி வீசுகிற காற்றைக் குறித்தது. பாய்மரக்காரனுக்கு அதைவிட வேறு வாய்ப்பு என்ன வேண்டும்? பாஸ்போர்ட் பிரெஞ்சு வழியாக வந்தது; துறையைக் கடந்து போக அனுமதிக்கும் தாள். போர்ட் வைனுக்குப் பெயர் கொடுத்தது போர்த்துக்கலின் ஒப்போர்ட்டோ நகரம். அந்த ஊர்ப் பெயருக்கே ‘துறை’ என்றுதான் அர்த்தம். நம்முடைய பருத்தித்துறை, வல்வெட்டித்துறை மாதிரி.

இடப்பக்கம் என்ற பொருளும் இந்தக் குடும்பம்தான். அதன் காரணத்தைக் கடல் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

பதில் 2: சுக்கான்பிடி

பழைய ஐரோப்பியக் கப்பலுக்குச் சுக்கான் நடுப் பின்புறத்தில் இருக்கவில்லை. பெரிய துடுப்பு ஒன்றை வலப்பக்கம் கட்டி அதாலேதான் திருப்பினார்கள். பெரும்பாலான ஆட்களுக்கு வலக்கைதானே வாக்கு. பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டேயோர்’ என்றால் திருப்புகிற துடுப்பு, ‘போர்ட்’ (துறை என்ற ‘port’ இல்லை, இது ‘board’) என்றால் கப்பலின் பக்கம். இரண்டும் சேர்ந்துதான் ஸ்டார்போர்ட். நட்சத்திரமும் இல்லை, பலகையும் இல்லை.

வலப்பக்கத்தைக் கரையில் அணைத்துக் கட்டினால் துடுப்பு நசிந்துபோகும். அதனால் இடப்பக்கத்தைத்தான் துறைப்பக்கம் அணைப்பார்கள். சரக்கும் அந்தப் பக்கத்தால்தான் ஏறும். ‘ஏற்றுகிற பக்கம்’ என்ற பொருளில் இடப்பக்கத்துக்கு ‘லார்போர்ட்’ என்று ஒரு பெயர் இருந்தது. காற்றும் அலையும் இரையிற நேரத்தில் ஸ்டார்போர்ட், லார்போர்ட் என்று கத்தினால் இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். அதனால் 1844இல் பிரித்தானியக் கடற்படை லார்போர்ட்டைக் கைவிட்டு ‘போர்ட்’ என்றே சொல்லக் கட்டளை போட்டது. அமெரிக்கக் கடற்படை 1846இல் அதையே செய்தது.

சொல்லை மாற்றியும் குழப்பம் தீரவில்லை. சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் கப்பல் வலப்பக்கம் திரும்பும். முந்தின காலத்தில் கட்டளை பிடிக்குத்தான், கப்பலுக்கு இல்லை. 1912இல் டைட்டானிக்கில் ‘ஹார்ட் ஏ ஸ்டார்போர்ட்’ என்று கட்டளை வந்தபோது கப்பல் திரும்பியது இடப்பக்கம். அது பிழையில்லை, அந்தக் கால வழக்கம். 1930களின் தொடக்கத்தில்தான் கப்பல் எந்தப் பக்கம் திரும்ப வேணுமோ அந்தப் பக்கத்தையே சொல்லுகிற முறையை பிரித்தானியக் கப்பல்கள் எடுத்துக்கொண்டன. நம்முடைய பைபர் வள்ளத்து அவுட்போட் எஞ்சினில் இன்றைக்கும் அதே கதைதான், கைபிடியை இடப்பக்கம் தள்ளினால் அணியம் (வள்ளத்தின் முன்முனை) வலப்பக்கம் போகும். ஆகவே அறிவித்தலில் ‘வலப்பக்கம் திருப்பவும்’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘வள்ளத்தை வலப்பக்கம் திருப்பவும்’ என்று எழுதுங்கள். பழகினவன் பிழைவிடமாட்டான், புதுப்பொடியன் பிடியைத் திருப்பிவிடுவான்.

இனி விளக்கு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஒவ்வொன்றும் நேர்முன்னாலிருந்து தன் பக்கத்தில் 112.5 பாகை வரைக்கும்தான் தெரிய வேணும். மிச்ச 135 பாகை பின்வெள்ளை விளக்குக்கு. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 360 சரியாக வரும். 12 மீற்றருக்குக் குறைந்த வள்ளத்தில் பக்கவிளக்கு குறைந்தது ஒரு கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேணும். 20 மீற்றருக்குக் குறைந்ததென்றால் சிவப்பையும் பச்சையையும் ஒரே கூட்டுக்குள் வைத்து நடுக்கோட்டில் பூட்டலாம்.

எங்கே பிழைக்கிறதென்றால் பூட்டுகிற இடத்தில். வள்ளத்தைக் கரையில் ஏற்றி, அணியத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, தன்னுடைய இடக்கைப் பக்கம் சிவப்பைப் பூட்டிவிடுவார்கள். அது வள்ளத்தின் வலப்பக்கம்! இருட்டில் எதிரே வருகிறவன் அந்த வள்ளம் விலகிப் போகிறது என்று நினைப்பான், அது நேரே அவனுக்குக் குறுக்கே வரும். அறிவித்தலில் ஒரு வரி சேருங்கள்: ‘பூட்டியபின் அணியத்துக்கு முன்னால் நின்று வள்ளத்தைப் பாருங்கள், சிவப்பு உங்கள் வலக்கைப் பக்கம் தெரிந்தால் சரி.’

எஞ்சினில் ஓடுகிற இரண்டு வள்ளங்கள் குறுக்கே சந்தித்தால், மற்ற வள்ளம் எவனுக்கு வலப்பக்கத்தில் இருக்கிறதோ அவன்தான் விலக வேணும். அவனுக்கு அந்த வள்ளத்தின் சிவப்புத்தான் தெரியும். அதனால் ‘வலப்பக்கம் சிவப்புத் தெரிந்தால் நீ விலகு’ என்று சொல்லிக் கொடுப்பது சுகம். நேருக்கு நேர் வந்தால் இரண்டு பேரும் வலப்பக்கம் திருப்பி, இடப்பக்கமும் இடப்பக்கமும் பார்க்கக் கடக்க வேணும். ஹோர்ன் ஒரு சின்ன ஊது என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் எஞ்சினைப் பின்னுக்குப் போட்டிருக்கிறேன்.

மிதவையையும் மறக்க வேண்டாம். கடலிலிருந்து உள்துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். வெளியே போகும்போது மாறும். ஆனால் பெயர் மாறாது, சிவப்புக்கு எப்பவும் ‘போர்ட் ஹாண்ட்’ மிதவை என்றுதான் பெயர். அமெரிக்கா, ஜப்பான் பக்கம் போனால் நிறம் தலைகீழ், அது நம்முடைய அறிவித்தலுக்குத் தேவையில்லை.

பதில் 3: மெக்கானிக் மேசை

எஞ்சின் போர்ட் பற்றி. டூ ஸ்ட்ரோக் அவுட்போட்டில் சிலிண்டர் சுவரிலேயே வெட்டின வாசல்கள்தான் போர்ட். ஃபோர் ஸ்ட்ரோக்கில் மாதிரித் தனியாக வால்வு திறந்து மூடாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது தானே மறைக்கும், தானே திறக்கும். பிஸ்டன் கீழே வரும்போது முதலில் எக்ஸோஸ்ட் போர்ட் திறந்து எரிந்த புகை போகும். கொஞ்சம் தள்ளி டிரான்ஸ்பர் போர்ட் திறந்து புதுக்கலவை ஏறும். எக்ஸோஸ்ட் வாசல் கரிபிடித்துச் சுருங்கினால் பழைய புகை முழுக்க வெளியேறாது. திரொட்டிலை முறுக்கினாலும் சுற்று ஏறாது, எஞ்சின் மூச்சடைத்த மாதிரி இழுக்கும். கலவையில் எண்ணெய் கூடினதும், நெடுநேரம் மெதுவாக ஓட்டினதும் முக்கிய காரணங்கள்.

சுரண்டும்போது திருப்புளி வேண்டாம். மரச்சில்லு போதும், இரும்பு பட்டால் பிஸ்டனிலும் சிலிண்டரிலும் கீறல் விழும். வாசல் விளிம்பில் பிசிர் எழும்பினால் ரிங் அதில் கொழுவி முறியும். கரித்தூள் உள்ளே விழாமல் துணி அடைத்துவிட்டுத்தான் தொடங்க வேணும், முடிந்ததும் துணியை எடுக்கவும் வேணும். சிரிக்காதீர்கள், அந்தத் துணியோடு எஞ்சினைப் பூட்டுகிற ஆக்கள் இருக்கினம்.

தமிழ்: ‘புகை வாசல்’, ‘கலவை வாசல்’. அடைப்புக்குறி போட்டுப் பக்கத்தில் ‘எக்ஸோஸ்ட் போர்ட்’ என்றும் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். கடைக்காரனிடம் கேட்கும்போது அதுதான் உதவும்.

பதில் 4: வலைக்கம்பி

யூ.எஸ்.பி போர்ட்டுக்கும் வாசல்தான் சரி. கணினி வலையமைப்பில் வரும் போர்ட் எண்களுக்கும் அதே. ஒரு கணினி ஒரு கட்டடம் என்றால், 0 முதல் 65535 வரை இலக்கமிட்ட கதவுகள் அதில் உண்டு. பாதுகாப்பான இணையத்தளங்கள் 443ஆம் கதவால் பேசும். ஒரு மென்பொருள் பிடித்த கதவிலேயே இன்னொன்றும் நிற்கப் பார்த்தால், அந்த முகவரி ஏற்கனவே பாவனையில் இருக்கிறது என்று பிழை வரும். கதவு எண்ணை மாற்றினால் தீர்ந்தது. கணினியில் ‘துறை’ என்று எழுதினால் குற்றம் என்று சொல்லமாட்டேன். ஆனால் படகு அறிவித்தலில் ஒரு பக்கம் துறைமுகமும் மறுபக்கம் யூ.எஸ்.பி துறையும் வந்தால் வாசிக்கிறவர் பாடு கஷ்டம்.

ஒரு மென்பொருளை வேறு இயங்குதளத்துக்கு மாற்றி எழுதுவதையும் ‘போர்ட்’ பண்ணுவது என்பார்கள். அது வாசல் அல்ல, சுமைக் குடும்பம். ‘போர்ட்டபிள்’ என்பதன் உறவு.

பதில் 5: உப்புவெளிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. பூட்டிப் பார்க்கிற அந்த வரியை அப்படியே சேர்க்கிறன். இன்னும் ரெண்டு சந்தேகம். ‘போஷ்’ எண்ட சொல்லும் போர்ட், ஸ்டார்போர்ட்டில இருந்து வந்தது எண்டு ஒருத்தர் சொல்றார், உண்மையா? மற்றது, எங்கட திருகோணமலையை ‘திரிங்கோ போர்ட்’, ‘திரிங்கோ ஹார்பர்’ எண்டு சொல்லுவினம், ரெண்டையும் ‘துறைமுகம்’ எண்டே எழுதலாமா?

பதில் 6: வேர்ச்சொல்

போஷ் கதை நல்ல கதை, ஆதாரம்தான் இல்லை. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறையும் திரும்பி வரும்போது வலப்பக்க அறையும் வெயில் குறைந்தவையாம். பணக்காரர் சீட்டில் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்று முத்திரை குத்துவார்களாம், அதன் முதலெழுத்துகள்தான் போஷ் ஆம். அப்படி முத்திரை குத்திய ஒரு சீட்டுக்கூட இதுவரை கிடைக்கவில்லை. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லப்படும் சொற்பிறப்புகளைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஹார்பர் வேறு, போர்ட் வேறு. ஹார்பர் என்பதன் பழைய பொருள் படை தங்கும் புகலிடம். பிறகு கப்பலுக்கும் புகலிடமானது. மலையும் முனையும் காற்றை மறைத்து நிற்கிற நம்முடைய ஆழமான நீர்ப்பரப்பு ஹார்பர். அது எந்த ஜெட்டியும் கட்டுவதற்கு முன்பே இருந்தது. ஜெட்டி, கிரேன், சுங்கம், களஞ்சியம் எல்லாம் சேர்ந்த தொழிலிடம் போர்ட். சீனக்குடாவில் சரக்கு இறங்குகிற இடம் போர்ட், அந்தக் கப்பல் காற்றுக்கு ஒதுங்கி நங்கூரமிட்டு நிற்கிற தண்ணீர் ஹார்பர். தமிழில் இரண்டுக்கும் துறைமுகம் என்று எழுதிப் பழகிவிட்டோம், வேறுபாடு தேவையான இடத்தில் மட்டும் ஹார்பரை ‘துறைமுகக் குடா’ என்று எழுதலாம்.

பதில் 7: சுக்கான்பிடி

கடைசியாக எழுத்துக்கூட்டு. எங்கள் பக்கம் ‘போட்’ என்று எழுதினால் அது படகாகவும் இருக்கலாம், பெயர்ப்பலகையாகவும் இருக்கலாம், துறைமுகமாகவும் இருக்கலாம். அவுட்போட்டை ‘வெளிப்படகு’ என்று மொழிபெயர்த்தது இதனால்தான் வருகிறது. அதில் இருப்பது படகு இல்லை, ஸ்டார்போர்டில் இருக்கிற அதே ‘பக்கம்’. எஞ்சின் வள்ளத்தின் உடம்புக்கு வெளியே தொங்குகிறது, அவ்வளவுதான். அறிவித்தலில் திசைக்கு ‘போட்’டும் வேண்டாம் ‘போர்ட்’டும் வேண்டாம். ‘வள்ளத்தின் இடப்பக்கம்’, ‘வள்ளத்தின் வலப்பக்கம்’ என்று முழுசாக எழுதி, விளக்குப் படத்தில் சிவப்பையும் பச்சையையும் நிறத்திலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள். கறுப்பு வெள்ளையில் அடித்தால் இரண்டும் ஒரே சாம்பல்தான்.