டாப் பேர், ஏஸ் கிக்கர், ரிவர்ல 800 ஆல்-இன்... சீட்ட கவுத்தது சரியா?

மொட்டைமாடி_6பேர்:

ரெண்டு நாளா இதே யோசனை, அதான் இங்க கொட்டுறேன். சனிக்கிழமை நைட்டு எங்க வீட்டு மொட்டை மாடில 6 பேர் டெக்ஸாஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுவோம், ஆளுக்கு கைல ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு (போர்டு). காசு கிடையாது, வெறும் சிப்ஸ் தான், கடைசில யார்கிட்ட கம்மியா இருக்கோ அவர் எல்லாருக்கும் பரோட்டா சால்னா வாங்கித் தரணும், அவ்ளோதான் பந்தயம். ப்ளைண்டு (சீட்டு பாக்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கட்டாயமா வைக்கிறது) 5/10.

முதல் ஆளா உக்காந்திருந்தது என் வைஃபோட சித்தப்பா, ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவர், ரொம்ப டைட்டா ஆடுவார், நல்ல சீட்டு இல்லாம உள்ளயே வர மாட்டார். அவர் 30ன்னு ரெய்ஸ் பண்ணார். எனக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாம் சீட்ட விட்டுட்டாங்க, நான் பட்டன்ல (சீட்டு பிரிக்கிறவர் எடம்), கைல ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் குயினும். கால் பண்ணேன் (அதே 30 வச்சேன்). ப்ளைண்டு ரெண்டு பேரும் விட்டுட்டாங்க, பாட் (நடுவுல சேந்த சிப்) 75.

ஃப்ளாப் (போர்டுல முதல் மூணு சீட்டு): இஸ்பேட் குயின், ஆர்ட்டின் 7, டைமன் 2. எனக்கு குயின் ஜோடி, போர்டுல இருக்குற பெரிய சீட்டோட சேந்ததால டாப் பேர், கூட இருக்குற சீட்டு (கிக்கர்) ஏஸ். அவர் 50 வச்சார், கால். டர்ன் (நாலாவது சீட்டு): இஸ்பேட் 9. அவர் 120, கால். ரிவர் (கடைசி சீட்டு): கிளாவர் 4. பாட்ல 415 இருக்கு, அவர்கிட்ட மிச்சம் இருந்தது 800, கொஞ்ச நேரம் சீட்டையே பாத்துட்டு மொத்தத்தையும் அப்படியே நடுவுல தள்ளிட்டார். தள்ளும்போது கை நடுங்குச்சு, ரெண்டு சிப் உருண்டு என் செருப்புகிட்ட வந்து விழுந்துச்சு.

நான் ஒரு மூணு நிமிஷம் யோசிச்சு கவுத்துட்டேன் (ஃபோல்டு, அதாவது அந்தக் கைய விட்டுட்டேன்). அவர் சிரிச்சுக்கிட்டே அவரோட சீட்ட கட்டுக்குள்ள சொருகிட்டார், காட்டவே இல்ல. கால் பண்ணிருக்கணுமா?

பழைய_ரம்மிக்காரன்:

தம்பி, சரியாத்தான் பண்ணிருக்கீங்க, நிம்மதியா தூங்குங்க. அந்த வயசுக்காரங்க எல்லாம் ரம்மி ஆடி வளந்தவங்க. ரம்மில பொய் சொல்ல என்ன இருக்கு, சீட்டு சேந்தா டிக்ளேர், சேரலன்னா 20 பாயிண்ட்ட குடுத்துட்டு ஸ்கூட். அவர் 800 தள்ளுறார்னா அவரப் பொறுத்தவரைக்கும் அது டிக்ளேர் பண்ற மாதிரி. கைல ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ இருந்திருக்கும்.

உங்க தப்பு வேற. ஸ்கூட் விடுறதா இருந்தா முதல்லயே விட்டிருக்கணும், 30 குடுத்து 50 குடுத்து 120ம் குடுத்துட்டு அப்புறம் விட்டா அது மிடில் ஸ்கூட்டு, 40 பாயிண்ட்டு எழுதுவாங்க.

நைட்ஷிஃப்ட்:

ரம்மிக்காரர் அண்ணன் சொல்ற கடைசி பாயிண்ட ஒத்துக்க முடியாது. டாப் பேர் டாப் கிக்கர வச்சுட்டு ஃப்ளாப்ல 50க்கு யாராவது விடுவாங்களா, டர்ன்ல 120க்கும் விட முடியாது, அந்த ரெண்டு காலும் கரெக்ட். வேணும்னா ஃப்ளாப்புக்கு முன்னாடியே 90, 100ன்னு திருப்பி ரெய்ஸ் பண்ணிருக்கலாம், சித்தப்பாகிட்ட ஏஸ் ஜோடி ராஜா ஜோடி இருந்தா அங்கயே இன்னும் ஏத்திருப்பார், நீங்க 100ஓட தப்பிச்சிருக்கலாம். அது அவங்கவங்க ஸ்டைல்.

ஆனா ரிவர் விஷயத்துல எனக்கு டவுட்டு. 2003 போக்கர் வேர்ல்டு சீரிஸ் மெயின் ஈவென்ட் பைனல் ஞாபகம் இருக்கா, 839 பேர் ஆடி கடைசில கிறிஸ் மணிமேக்கரும் சாமி ஃபார்ஹாவும் மட்டும். ஃபார்ஹாகிட்ட குயினும் 9ம், போர்டுல பெரிய சீட்டே 9 தான், அதாவது டாப் பேர். மணிமேக்கர்கிட்ட கிங்கும் 7ம், ஒரு ஜோடி கூட இல்ல, ஃப்ளஷ்ஷும் (ஒரே ஜாதில அஞ்சு சீட்டு) ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையா அஞ்சு சீட்டு) ரெண்டுமே அடிக்கல. ரிவர்ல ஆல்-இன் தள்ளினார், ஃபார்ஹா ரொம்ப நேரம் யோசிச்சு கவுத்துட்டார். அக்கவுண்டன்ட்டா இருந்த அந்த மணிமேக்கர் தான் கடைசில 25 லட்சம் டாலர தூக்கிட்டுப் போனார். டாப் பேர கவுக்குறதுக்கு முன்னாடி அந்த வீடியோவ ஒரு தடவ பாத்துடுங்க ப்ரோ.

கணக்குப்பிள்ளை:

மணிமேக்கர் உதாரணத்த எல்லாரும் இழுக்குறாங்க, ஆனா டேபிள்ல சின்ன கேமரா வச்சு ரெண்டு பேர் சீட்டும் நமக்கு காட்டினதால தான் ஃபார்ஹா ஏமாந்துட்டார்னு நமக்குத் தெரியுது. அவர் எடத்துல உக்காந்து அவருக்குத் தெரிஞ்சத மட்டும் வச்சு தான் சரியா தப்பான்னு பேசணும். இங்கயும் அதே தான், சித்தப்பா சீட்டு என்னங்கறது கேள்வியே இல்ல.

கணக்க பாப்போம். நீங்க 800 போட்டா ஜெயிக்கப் போறது பாட் 415 + அவரோட 800, மொத்தம் 1215. அப்போ 2015ல 800, கிட்டத்தட்ட 40 சதவீதம் ஜெயிச்சா போதும், அதுக்கு மேல எல்லாம் லாபம்.

இப்போ அவர்கிட்ட என்னென்ன இருக்கலாம். ஒரு ஏஸ் உங்க கைல இருக்கு, மிச்சம் மூணு, அதுல ஏஸ் ஜோடி 3 விதமா வரும். ராஜா ஜோடி 6 விதம். குயின் ஒண்ணு உங்ககிட்ட ஒண்ணு போர்டுல, அதனால குயின் செட் (கைல ஜோடி, போர்டுல ஒண்ணு, மொத்தம் மூணு) ஒரே ஒரு விதம். 9 செட் 3, 7 செட் 3. மொத்தம் 16 விதத்துல நீங்க காலி. ப்ளஃப்னு (சீட்டு இல்லாம மிரட்டுறது) பாத்தா டர்ன்ல இஸ்பேட் ஃப்ளஷ்ஷுக்கு காத்திருந்து கிடைக்காம போனது: இஸ்பேட்ல ஏஸ்-கிங், ஏஸ்-ஜாக், ஏஸ்-10, கிங்-ஜாக், ஜாக்-10. தாராளமா குடுத்தாலும் 5. அப்போ 21ல 5, 24 சதவீதம் கூட முழுசா வரல. கால் பண்ணா சராசரியா 320 சிப் நஷ்டம்.

ஆனா ஒரு சீட்டு பாக்கி இருக்கு. கிங்-குயின். அது 8 விதமா வரும். அத வச்சுக்கிட்டு "நான் தான் பெரியவன்"னு நெனச்சு அவர் தள்ளியிருந்தா 29ல 13 உங்களுக்கு, கிட்டத்தட்ட 45 சதவீதம், கால் பண்ணா 100 சிப் லாபம். (அவர்கிட்டயும் ஏஸ்-குயின் இருந்தா பாட் பாதி பாதி, அத கணக்குல சேக்கல.) அந்த 8ல குறைஞ்சது 6 தடவையாவது அவர் தள்ளுவார்னா தான் கால். அதனால முழு கேள்வியே இது தான்: கிங்-குயின வச்சுக்கிட்டு பாட்ட விட ரெண்டு மடங்கு கிட்ட ஆல்-இன் போற ஆளா உங்க சித்தப்பா?

சால்வர்_சித்தன்:

பாட்ட விட பெருசா அடிச்சாலே பெரிய சீட்டுன்னு பயப்படுறது பழைய காலம் பாஸ். 2017ல பிட்ஸ்பர்க்ல லிப்ராடஸ்னு ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் நாலு ப்ரொஃபஷனல் ஆட்டக்காரங்களோட 1,20,000 கை ஆடி ஜெயிச்சுது, அது சும்மா சும்மா பாட்ட தாண்டி பெட் வைக்கும், அதுல ப்ளஃப்பும் இருக்கும் நிஜ சீட்டும் இருக்கும், எதிராளிக்கு கண்டுபிடிக்கவே முடியாது. தியரிப்படி இந்த சைஸுக்கு நம்ம ரேஞ்சுல (நம்ம கைல இருக்க வாய்ப்புள்ள சீட்டு எல்லாம்) மூணுல ஒரு பங்கையாவது கால் பண்ணணும், உங்க ரேஞ்சுல ஏஸ்-குயின் மேல் வரிசைல தான இருக்கு.

நைட்ஷிஃப்ட்:

@சால்வர்_சித்தன் ரயில்வே சித்தப்பா லிப்ராடஸ் இல்லீங்க 😂 அவர் ப்ளஃப்பையும் நிஜ சீட்டையும் பேலன்ஸ் பண்ணிட்டா ஆடுறார், மடில முறுக்கு தட்டு இருந்திருக்கும்

ஆனா ஒண்ணு கேக்கணும் ஓனர் ப்ரோ. 30, 50, 120, 800. கூட்டிப் பாத்தா சரியா 1000. மத்தவங்க ஸ்டாக் எல்லாம் ஒரு மணி நேரம் ஆடினா 870, 1,340ன்னு தான இருக்கும். அவர் அப்போ தான் புதுசா சிப் எடுத்தாரா?

மொட்டைமாடி_6பேர்:

அடப்பாவி. ஆமா. அத எழுத மறந்துட்டேன். அதுக்கு ரெண்டு கை முன்னாடி தான் என்கிட்ட மொத்தமும் தோத்தார், அவர்கிட்ட ராஜா ஜோடி, நான் 8 ஜோடிய வச்சுட்டு ரிவர்ல மூணாவது 8 வந்து அடிச்சேன். ஒண்ணும் பேசல, டீ ஆத்திக் குடிச்சுட்டு இன்னொரு 1000 எடுத்துக்கிட்டார்.

பழைய_ரம்மிக்காரன்:

இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல தம்பி. மாப்பிள்ளைகிட்ட ராஜா ஜோடி தோத்தா எந்த சித்தப்பாவும் சும்மா இருக்க மாட்டார்.

அப்புறம் கை நடுங்குச்சுன்னீங்களே. நீங்க பயம்னு நெனச்சிருப்பீங்க. நான் பாத்த வரைக்கும் பொய் சொல்றவன் கல்லு மாதிரி உக்காந்திருப்பான், மூச்சு கூட விட மாட்டான். பெரிய சீட்டு வந்தவனுக்குத் தான் கை உதறும். அதனால என் ஓட்டு இன்னும் ஃபோல்டு தான்.

மொட்டைமாடி_6பேர்:

அண்ணே அவருக்கு எப்பவுமே கை நடுங்கும், டீ கிளாஸ பிடிச்சாலும் நடுங்கும். அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

இன்னொண்ணும் விசாரிச்சேன். ரம்மி இல்லயாம், அவர் ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தப்போ ஆடினது எல்லாம் மூணு சீட்டாம். சித்தி தான் சொன்னாங்க, அதுவும் கோவமா சொன்னாங்க.

கணக்குப்பிள்ளை:

மூணு சீட்டா! அப்போ கதையே வேற. சீட்ட பாக்காமலே ப்ளைண்டு ஆடி எதிராளிய ஓட வைக்கிற ஆட்டம் அது. ரம்மிக்காரர்னு நெனச்சு நான் ப்ளஃப்புக்கு 5 தான் குடுத்தேன், மூணு சீட்டுக்காரர், அதுவும் சூடா இருக்கார்னா இன்னும் நாலஞ்சு சேக்கலாம், கிங்-குயினும் கண்டிப்பா தள்ளுவார். இப்போ 50 சதவீதத்த தாண்டிடும். நான் கால் பக்கம் வந்துட்டேன்.

இதுக்காக உங்க ஃபோல்டு தப்புன்னு சொல்லல, மூணு சீட்டு விஷயம் உங்களுக்கே அப்போ தெரியாதே. ஆனா தோத்துட்டு புதுசா சிப் எடுத்தது உங்க கண்ணு முன்னாடி நடந்தது. அத யோசிக்காம மூணு நிமிஷம் என்ன யோசிச்சீங்க?

மொட்டைமாடி_6பேர்:

உண்மைய சொல்லவா, 800 போனா பரோட்டா நான் தான் வாங்கணும், 6 பேருக்கு எவ்ளோ ஆகும்னு தான் யோசிச்சுட்டு இருந்தேன் 🙏

சும்மா_பாக்க_வந்தவன்:

எனக்கு இந்த ஆட்டமே தெரியாது, ஆனா சித்தப்பாகிட்டயே கேட்டா முடிஞ்சுதுல? இது ஆன்லைன்ல ஆடலாமா?

நைட்ஷிஃப்ட்:

ஆன்லைன்ல காசு கட்டி ஆடுறத 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்திடுச்சு, அந்தப் பக்கம் போகாதீங்க. இவங்கள மாதிரி மாடில சிப்ஸ் வச்சு பரோட்டாவுக்கு ஆடுங்க.

மொட்டைமாடி_6பேர்:

கேட்டுட்டேன். நேத்து சாயங்காலம் வீட்டுக்குப் போயி, ஸ்வீட்டெல்லாம் வாங்கிட்டுப் போயி, சித்தப்பா அந்தக் கைல என்ன வச்சிருந்தீங்கன்னு கேட்டேன். பேப்பர்ல இருந்து தலைய தூக்காம "ராணி இருந்துச்சுப்பா"ன்னார்.

ஒரு ராணியா ரெண்டு ராணியா சித்தப்பான்னேன். "அத பாக்கணும்னா நீ 800 போட்டிருக்கணும் மாப்ள"ன்னுட்டு பேப்பர திருப்பிட்டார்.

கணக்குப்பிள்ளை:

ஒரு ராணின்னா கிங்-குயின், 8 விதம். ரெண்டு ராணின்னா செட், 1 விதம்.

பழைய_ரம்மிக்காரன்:

அந்த ஒண்ணு தான் வந்திருக்கும். எனக்கு எப்பவும் அந்த ஒண்ணு தான் வரும்.